கழற்றக் கூடாத கண்ணாடி

எங்கள் வீட்டில் ஏதாவது உடைந்தால் அப்பாவுக்கு வருத்தம் வராது, உற்சாகம்தான் வரும். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அம்மா வாசலில் முனகினால் போதும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து வருவார். குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். அங்கே வேண்டாமென்று ஒதுக்கிப் போட்ட வாஷர், ரப்பர் வளையம், செம்புக் கம்பி எல்லாம் எங்கள் வீட்டுப் பழைய பிஸ்கட் டப்பாவில் வந்து குடியேறியிருந்தன. அந்த டப்பா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் வீட்டுப்பாடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். நான்தான் அவருடைய அசிஸ்டென்ட். டார்ச் அடிப்பேன், தூசி ஊதுவேன், "இறுக்கிப் புடி" என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பேன். அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய பதவி உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அப்பா கைபட்ட பொருளுக்கு அதன்பிறகு ஒரு தனிக் குணம் வந்துவிடும். எங்கள் குடை விரியும், ஆனால் மடங்காது. மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் அதை விரித்தபடியே பிடித்துக்கொண்டு மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் நான் நடந்திருக்கிறேன். அப்பாவின் கைக்கடிகாரத்துக்கு அவரே சைக்கிள் டியூபில் வார் வெட்டிப் போட்டிருந்தார். வேர்வையில் அது மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்ளும், தேங்காய் எண்ணெய் தடவித்தான் கழற்ற வேண்டும். "கடையில குடுத்தா அவன் மட்டும் என்ன பண்ணப் போறான், இதத்தான் பண்ணுவான்" என்பார். அம்மா எதுவும் சொல்ல மாட்டாள். அவள் தாலிச் சங்கிலியில் ஊக்குகள் எப்போதும் ஒரு கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். அப்பா ஒட்டியது எங்கே பிய்ந்துகொள்கிறதோ அங்கே ஒரு ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். ரிப்பேர் வேலையில் அவளுக்கு அதற்கு மேல் ஆர்வம் இருந்ததில்லை.

எங்களோடு அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றும் என்றால் ஒன்றும்தான். கழற்றி வைத்த கண்ணாடியைத் தேடிக் கொடுக்கவே ஒரு ஆள் வேண்டும், பெரும்பாலும் அந்த ஆள் நான்தான். ஆனால் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கண்ணாடி போடக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். கண்ணாடி போட்ட பெண் என்றால் பவர் எவ்வளவு, பரம்பரையா, பிள்ளைக்கு வருமா என்று ஆரம்பித்துவிடுவார்களாம். கல்யாணத்துக்கு அப்புறம் போட்டுக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்பது அவர் வாதம்.

இந்தச் சட்டத்தால் பண்ருட்டியில் மானம் போனது. ஒரு உறவுக்காரர் வீட்டில் பெண் பார்க்க ஏற்பாடு. அத்தை கண்ணாடி இல்லாமல் காபித் தட்டோடு வந்து, மாப்பிள்ளையின் சித்தப்பாவை மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அவருக்கே முதலில் நீட்டி, அவரையே பார்த்து வெட்கப்பட்டுவிட்டுப் போனாள். சித்தப்பாவுக்கு வழுக்கை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அப்புறம் ஒரு பதிலும் வரவில்லை. திரும்பி வந்த அன்றைக்கு அத்தை, நான் பார்த்து முதல்முறையாக, அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசினாள். "எனக்கு அங்க ஒரு வெள்ளச் சட்டதாண்ணா தெரிஞ்சுது. காலத்துக்கும் கூட இருக்கப் போறவரு. இனிமே ஆளப் பாக்காம நான் தலையாட்ட மாட்டேன்."

"பாக்கறதுக்குத்தான் நாங்க இருக்கோமே" என்றார் அப்பா. அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா என்னை அனுப்பிக் கூப்பிட்டும் அவள் சாப்பிட வரவில்லை.

அடுத்த வரன் சிதம்பரத்தில் வந்தது. மாப்பிள்ளை ஏதோ ஒரு கல்லூரி லேபில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நடராஜர் கோயிலில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்த மாதிரி வந்து, தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்தித்து, பிடித்தால் மேலே பேசுவது, பிடிக்காவிட்டால் பிரசாதத்தோடு கலைந்து போவது. யாருக்கும் வருத்தமில்லாத ஏற்பாடு. அப்பா சட்டத்தை மறுபடியும் வாசித்தார். கண்ணாடி அம்மாவின் கைப்பையில்தான் இருக்கும், அவ்வளவுதான். அத்தை அம்மாவைப் பார்த்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை ஒரு கையில் கண்ணாடியும் இன்னொரு கையில் அதன் காதுக் கம்பியுமாக அறையிலிருந்து தடவித் தடவி வந்து நின்றாள். ஸ்க்ரூ எங்கேயோ விழுந்துவிட்டதாம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவேன் என்றாள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தீபாவளிக்குத் துணி எடுத்து வந்தால்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வராது. "அதுக்கென்ன, குடு இங்க" என்று டப்பாவைத் திறந்தார்.

முதலில் ஸ்க்ரூவைத் தேடினோம். ஒரு பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தத்தை நூலில் கட்டி, நானும் அப்பாவும் தரையில் தவழ்ந்து வீட்டையே அளந்தோம். கட்டிலுக்கு அடியிலிருந்து என்னென்னவோ வந்தது, ஸ்க்ரூ வரவில்லை. நான் குளியலறை வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே கதவில், குளிக்கும் முன் அம்மா எடுத்து ஒட்டி வைக்கும் ஸ்டிக்கர் பொட்டுகள்தான் இருந்தன. அம்மா இத்தனைக்கும் இடத்தைவிட்டு எழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஸ்க்ரூ இல்லையென்றால் ஊக்கு. அப்பா வழக்கம்போல் அம்மா பக்கம் கையை நீட்டினார். அம்மா சங்கிலியிலிருந்து இருப்பதிலேயே சின்ன ஊக்காக ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் நுனி வளைந்து மழுங்கியிருந்தது. "என்னாது இது, எதையோ நோண்டுன மாதிரி இருக்கு" என்றார் அப்பா. பழசு என்று சொல்லி அம்மா வேறொன்று கொடுத்தாள். அது ஓட்டைக்குள் போனது. ஆனால் அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பியதும் ஊக்கு திறந்து நெற்றி ஓரத்தில் குத்தியது. அப்புறம் செம்புக் கம்பி. கண்ணாடி மூக்கின்மேல் சீசாப் பலகை மாதிரி ஏறி இறங்கியது. நூல் சுற்றினார், அவிழ்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இவ்வளவு பெரிய வேலை எங்கள் டப்பாவுக்கு அதுவரை வந்ததே கிடையாது.

கடைசியில், ஒரு சொட்டு விட்டால் உடனே ஒட்டிக்கொள்ளும் பசையை எடுத்தார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கரண்ட் சொல்லி வைத்துப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி நின்றேன். சொட்டு விழுந்தது. ஒட்டியும் விட்டது. ஆனால் அப்பாவின் கட்டைவிரலும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. அவர் விரலோடு கண்ணாடி தொங்க, "தண்ணி கொண்டா, எண்ண கொண்டா" என்று வீட்டுக்குள் அலைந்ததில் அத்தை சிரித்தாள். பண்ருட்டிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். விரல் பிரிந்தபோது கம்பி மாட்டுக் கொம்பு மாதிரி வெளியே விரிந்தபடி இறுகிப்போயிருந்தது. அதை மாட்டினால் கண்ணாடியின் ஒரு பக்கம் புருவத்துக்கு மேலே ஏறி நின்றது.

அப்பா விடவில்லை. விடிந்ததும் அதை உடைத்துப் பிரித்துச் சுரண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இப்போது கையில் எடுத்தது குழாய் ஒழுகலை அடைக்கும் பசை. இரண்டு உருண்டையாக வரும், ஒன்றாகப் பிசைந்து அப்பினால் மெதுவாக இறுகிக் கல்லாகிவிடும். "மெதுவா காயும்கறதுதான் இதுல நல்லது. ஆனா எந்தக் கோணத்துல நிறுத்தி வக்கறது?" என்று அவர் கண்ணாடியைத் தலையணைமேல் சாய்த்துப் பார்த்தார், டம்ளர்மேல் நிறுத்திப் பார்த்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்.

"முகத்துலயே காஞ்சா சரியா இருக்குமோ என்னவோ. எனக்கென்ன தெரியும்."

அப்பா சட்டென்று நிமிர்ந்தார். அந்த யோசனை தனக்கே தோன்றியதைப் போலத்தான் நிமிர்ந்தார். குளித்துப் புடவை கட்டி நின்ற அத்தையை உட்காரவைத்து, கண்ணாடியை மாட்டி, நூல் பிடித்துப் பார்த்து இரண்டு பக்கமும் மட்டம் சரிசெய்து, மூட்டில் பசையை அப்பினார். நான் அத்தையின் தாடையைப் பிடித்துக்கொண்டேன். முடிந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். குடை, செருப்பு, கடிகாரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அன்றுதான் ஒரு பொருள் நேராக நின்றது. அவருக்கே நம்ப முடியவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் இதக் கழட்டக் கூடாது, ஆமா" என்றார். "அசஞ்சுதுன்னா எல்லாம் வீண்."

"அப்ப கோயிலுக்கு?" என்று கேட்டாள் அம்மா. அப்பாவின் வாய் திறந்தபடி நின்றது. சட்டம் ஒரு பக்கம், கைவேலை ஒரு பக்கம். அத்தையையும் பார்த்தார், அந்த மூட்டையும் பார்த்தார். கழற்றிவிடுவாரோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. நான் கவலைப்பட்டது அத்தைக்காக இல்லை, பசைக்காகத்தான். கடைசியில் அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "போட்டுக்கிட்டே வரட்டும். கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றார். அத்தை தலையை அசைக்காமல், கண்ணை மட்டும் அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு குறைதான். மூட்டில் அந்தப் பசை வெள்ளையாக ஒரு பட்டாணி அளவுக்குப் புடைத்துக்கொண்டிருந்தது. அசிஸ்டென்ட் சும்மா இருப்பேனா? அம்மாவின் கண் மையை எடுத்து அதன்மேல் நன்றாகத் தடவிக் கறுப்பாக்கிவிட்டேன். அப்பா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தரையிலேயே நடக்கவில்லை.

பஸ்ஸில் அத்தைக்கு ஜன்னல் ஓரம். பண்ருட்டிக்குப் போனபோது தலையைக் குனிந்தபடியே வந்தவள், இப்போது வழிநெடுக இருந்த பெயர்ப்பலகைகளை எல்லாம் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தாள். அப்பா முன் சீட்டிலிருந்து அடிக்கடி திரும்பி மூட்டைப் பார்த்தார். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். கண்ணாடி அசையவே இல்லை. அசைந்தது என் மைதான். சிதம்பரத்தில் இறங்கும்போது அது வேர்வையில் கரைந்து அத்தையின் காதோரம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அம்மா துடைக்கத் துடைக்க அது பெரிதானது.

குளத்துப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தோம், தற்செயலாக. சற்று நேரத்தில் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள், தற்செயலாக. மாப்பிள்ளை நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. வந்தவர் கும்பிட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய், நாலு படி தள்ளி உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு மரியாதையாக வணக்கம் வைத்தார். அவர்களும் பாவம், கையைக் கழுவிவிட்டு வந்து வணக்கம் வைத்தார்கள். அவர் அம்மா ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து எங்கள் பக்கம் திருப்பிவிட்டார். அதன்பிறகும் அவர் என் அம்மாவைப் பார்த்துத்தான் வெட்கத்தோடு சிரித்தார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. ஆள் சரியில்லை, கிளம்பலாம் என்பதுபோல் அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார். போதாததற்கு மாப்பிள்ளையின் அம்மா வேறு அத்தையின் காதோரத்தை உற்றுப் பார்த்து, "திருஷ்டிப் பொட்டாம்மா?" என்று கேட்டுவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஆனால் அத்தை எதையும் காதில் வாங்கவில்லை. அவள் மாப்பிள்ளையை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேராக ஒரு பெண் மாப்பிள்ளையைப் பார்த்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு என்னை இழுத்துக் காதில் சொன்னாள்: "அவரு மூக்கப் பாரேன்." பார்த்தேன். மூக்கின் இரண்டு பக்கமும் சின்னதாகச் சிவந்த பள்ளம். அத்தை ராத்திரி கண்ணாடியைக் கழற்றினால் அவள் மூக்கிலும் அதே பள்ளம் இருக்கும்.

"போய் அவருகிட்ட, கண்ணாடியப் போட்டுக்கச் சொல்லு" என்றாள் அத்தை. மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நான் நேராகப் போய் நின்று, குளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி, "அத்த உங்களக் கண்ணாடியப் போட்டுக்கச் சொன்னாங்க" என்றேன்.

மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அவர் அம்மா கோபுரத்தைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளை மெதுவாகப் பாக்கெட்டில் கையை விட்டு ஒரு கண்ணாடியை எடுத்தார். "அம்மாதான் போடாதன்னாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். அப்போதுதான் அவர் என் அத்தையைப் பார்த்தார். அத்தையும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

முதலில் பேசியவர் அப்பா. அவர் கண் மாப்பிள்ளையின் முகத்தில் இல்லை, கண்ணாடியின் மூட்டில் இருந்தது. அங்கே ஸ்க்ரூவுக்குப் பதிலாக மெல்லிய கம்பி ஒன்று முடி மாதிரி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. "இது யாரு சுத்துனது?" என்று கேட்டார். தானே சுற்றியதாக மாப்பிள்ளை கூச்சத்தோடு சொன்னார். லேபில் எரிந்துபோன ஒரு சின்ன மோட்டாருக்குள் சுருளாகச் சுற்றியிருந்த கம்பியாம். அடேயப்பா, அப்பா எழுந்து அவர் பக்கத்துப் படிக்கே போய்விட்டார். கம்பியின் கனம் என்ன, சூடு பண்ணிச் சுற்றினாரா, முனையை எங்கே சொருகினார் என்று வரிசையாகக் கேள்வி. மாப்பிள்ளையும் சளைக்கவில்லை. அத்தையின் மூட்டை எட்டிப் பார்த்து, அந்தப் பசை வெயிலுக்கு இளகும் என்று ஒரு போடு போட்டார். அப்பாவுக்குச் சூடு ஏறிவிட்டது.

"அதெல்லாம் எளகாது மச்சான், நீங்க வேற. கொழாய்க்கே போடறது" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. தட்டு மாற்றவில்லை, ஜாதகம் பார்க்கவில்லை, பிடித்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதற்குள் மச்சான். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மாப்பிள்ளை ரொம்பப் பணிவாக, "செரிங்க மச்சான்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அத்தை பக்கம் சாய்ந்து, "பாத்தியா?" என்று கேட்டாள்.

"நல்லா பாத்தேன் அண்ணி" என்றாள் அத்தை. அதைச் சொல்லும்போது அவள் கண்ணாடிக்குள் கண் நிறைந்து தளும்பியது. கழற்றித் துடைக்கவும் முடியாதே என்று நான் பதறிப்போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் விரலை மட்டும் ஆட்டி, கழற்றக் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவக் குளியலறைக்குப் போனேன். கதவில் ஒட்டியிருந்த அம்மாவின் பொட்டுகளில் ஒன்று மட்டும் நடுவில் புடைத்துக்கொண்டிருந்தது. பிய்த்துப் பார்த்தால் உள்ளே, கடுகுக்கும் கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்க்ரூ! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடினேன். அங்கே அம்மாவும் அத்தையும் இருந்தார்கள். என் உள்ளங்கையைப் பார்த்ததும் இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் தோள் குலுங்கியது. மூட்டைப் பார்க்க அப்பா கூப்பிடவும் அப்படியே வெளியே போய்விட்டாள்.

இதைப் போட்டு இப்போதே கண்ணாடியை ஒழுங்காகச் சரிசெய்துவிடலாமே என்றேன். அம்மா ஸ்க்ரூவை வாங்கி முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாத. அவ்வளவு நேரம் தேடுனாரு, பாவம், மனசு கஷ்டப்படும். அவரு ஒட்டுனதே நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்பா ஒட்டியதை அம்மா நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் ஸ்க்ரூ எனக்கு மறந்தே போய்விட்டது. எங்கேயோ விழுந்த ஸ்க்ரூ கதவில் ஏறிப் பொட்டுக்கு அடியில் எப்படி ஒளிந்துகொண்டது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அம்மா சொன்னதை அப்பாவிடம் சொல்ல ஓடினேன். அவர் அத்தையை விளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து மூட்டை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் ரிப்பேர் வேலை தெரிந்தவர் அப்பா ஒருவர்தான் என்று நான் அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.